அமெரிக்க டிவியின் ‘ஃபால்’ நிரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் சென்னையிலிருந்து என் அக்கா மகன் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பான். “மாமா, செப்டம்பர்ல வரப்போற ஷோவுக்கு மே மாசமே எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” இங்கே நியூ ஜெர்சியில் புதிதாக வந்து இறங்கும் நண்பர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். இருபது வருடமாக இந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பார்வையாளன் நான், அவ்வளவுதான். டிவி தொழிலில் இருப்பவன் இல்லை.

முதலில், இந்த ‘ஃபால் நிரல்’ என்பது என்ன?

அமெரிக்காவில் ஆன்டெனா வைத்தாலே இலவசமாகக் கிடைக்கும் பெரிய நெட்வொர்க்குகள் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் நான்கும்தான். 2006இல் இரண்டு சின்ன நெட்வொர்க்குகளை மூடிவிட்டு ஆரம்பித்த சிடபிள்யூ இந்த வரிசையில் கடைக்குட்டி. இவை ஒவ்வொன்றும் செப்டம்பர் கடைசியில் தொடங்கும் புது சீசனுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த நிகழ்ச்சி என்று ஒரு வாரத்துக் கட்டம் போட்டு வெளியிடும். அதுதான் ஃபால், அதாவது இலையுதிர் கால நிரல். மே மாத நடுவில், நியூயார்க்கில், ஒரே வாரத்துக்குள் எல்லாரும் அறிவித்து முடிப்பது வழக்கம். அந்த வாரத்துக்கு ‘அப்ஃப்ரண்ட்’ என்று பெயர்.

பிரைம் டைம், அதாவது அதிகம் பேர் டிவி பார்க்கும் நேரம், திங்கள் முதல் சனி வரை இரவு 8 முதல் 11, ஞாயிறு மட்டும் 7 முதல் 11. கணக்குப் போட்டால் வாரத்துக்கு 22 மணி நேரம். பெரிய நான்கில் ஃபாக்ஸ் மட்டும் 10 மணிக்கே கடையைச் சாத்திவிடும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏன் செப்டம்பர்? ஜனவரியில் தொடங்கினால் என்ன?

பழக்கம்தான், ஆனால் காரணமுள்ள பழக்கம். ரேடியோ காலத்திலேயே கோடையில் பெரிய நிகழ்ச்சிகளுக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் ஜூலையில் இங்கே இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், ஜனங்கள் வெளியேதான் இருப்பார்கள். செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அது முடிந்தால் பள்ளி திறந்துவிடும், சீக்கிரம் இருட்டும், குடும்பம் வீட்டுக்குள் அடங்கும். இன்னொரு பக்கம், டெட்ராய்ட் கார் கம்பெனிகள் அந்தக் காலத்தில் புது மாடல்களை இலையுதிர் காலத்தில்தான் காட்டுவார்கள், அவர்கள்தான் டிவிக்குப் பெரிய விளம்பரதாரர்கள். புது கார், புது ஷோ எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

1960களின் தொடக்கத்தில் ஏபிசி தன் எல்லாப் புது நிகழ்ச்சிகளையும் ஒரே வாரத்தில் இறக்கலாம் என்று முடிவெடுத்தது. அதற்கு முன்கூட்டியே விளம்பர நேரத்தை விற்கவேண்டி வந்தது. அப்ஃப்ரண்டின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பார்கள். அப்போது ஏபிசி மூன்றாவது இடத்தில் திண்டாடிக்கொண்டிருந்த நெட்வொர்க். தோற்றுக்கொண்டிருப்பவன்தானே புதிதாக எதையாவது முயன்றுபார்ப்பான்.

சன் டிவியிலும் விஜய் டிவியிலும் இப்படி ஒரு சீசனே இல்லையே?

இல்லைதான். நம் சீரியல் ஒருமுறை தொடங்கினால் வாரத்துக்கு ஐந்தாறு நாள் என்று வருடக்கணக்கில் ஓடும், டிஆர்பி சரிந்தால் ஒரு வெள்ளியோ சனியோ ‘சுபம்’ போட்டுவிட்டு அடுத்த திங்கள் புதுசு ஒன்றைத் தொடங்கிவிடுவார்கள். விளம்பரத்துக்குப் பெரிய நாள் என்றால் பொங்கல், தீபாவளி. இங்கே ஒரு ஷோ வாரத்துக்கு ஒரு நாள்தான், வருடத்துக்கு 22 எபிசோட் என்பது பழைய கணக்கு. அதனால்தான் ‘எந்தக் கிழமை’ என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது. ஒரு கிழமையின் ஒரு மணி நேரத்தை ஒரு ஷோவுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிற மாதிரி.

சரி, இந்த அறிவிப்பு யாருக்கு? எனக்கா?

உங்களுக்கு இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

மாந்தோப்பு குத்தகை தெரியும் இல்லையா? மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, பூவை வைத்தே காய்ப்பைக் கணக்குப் போட்டு மொத்தத் தோப்புக்கும் விலை பேசிவிடுவார். அப்ஃப்ரண்டும் அப்படித்தான். தோப்புக்காரர் நெட்வொர்க், வியாபாரி விளம்பர ஏஜென்சி, பூ என்பது மேடையில் போட்டுக் காட்டும் இரண்டு நிமிட டிரெய்லர். வரப்போகும் சீசனின் விளம்பர நேரத்தில் பெரும்பகுதியை அந்தக் கோடைக்குள்ளேயே விற்றுவிடுவார்கள். மிச்சத்தை சீசன் ஓடும்போது அன்றன்றைக்கு நிலவும் விலைக்கு விற்பார்கள், அதற்கு ‘ஸ்கேட்டர்’ சந்தை என்று பெயர். 2000களின் நடுவில் பெரிய நெட்வொர்க்குகளின் பிரைம் டைமுக்கு மட்டும் ஒரு கோடையில் பேசி முடித்த தொகை சுமார் 900 கோடி டாலர். இத்தனைக்கும் அந்த ஷோக்களில் பாதிக்கு இரண்டாவது எபிசோடின் கதைகூட எழுதியிருக்கமாட்டார்கள்.

மாந்தோப்பிலிருந்து ஒரு விஷயத்தில் மட்டும் இது வேறுபடுகிறது. மழை பெய்து பூ கொட்டிப்போனால் நஷ்டம் குத்தகைக்காரருக்கு. இங்கே நெட்வொர்க் இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று உத்தரவாதம் கொடுத்துத்தான் விற்கிறது, ஆயிரம் பார்வையாளருக்கு இத்தனை டாலர் என்ற கணக்கில். பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் கம்பெனியின் எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் வேறு நிகழ்ச்சிகளில் இலவசமாக விளம்பர நேரம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். ஓடாத ஷோ ஒன்றை மூன்றாவது வாரத்திலேயே தூக்குகிறார்களே, ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வாரமும் அந்தக் கடன் ஏறிக்கொண்டே போகிறது, அதுதான் அவசரம்.

இன்னொன்று, அவர்கள் எண்ணுவது எல்லாத் தலைகளையும் இல்லை. வெகு காலமாக 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களைத்தான் காசாக மாற்றினார்கள். உங்கள் மாமியார் ஒரு எபிசோட் விடாமல் பார்த்தும் அவருக்குப் பிடித்த ஷோ நின்றுபோகிறதே என்றால் காரணம் இதுதான். பாவம், அவர் கணக்கிலேயே வரவில்லை.

மேடையில் என்னதான் நடக்கும்?

பெரிய கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருக்கும். என்பிசிக்கு ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், சிபிஎஸ்ஸுக்கு வெகு காலம் கார்னெகி ஹால் என்று ஆளுக்கொரு மண்டபம். நடிகர்கள் வரிசையாக வந்து கையசைப்பார்கள், யாராவது பாடுவார்கள், தலைவர் வந்து “நாங்கள்தான் முதலிடம்” என்பார். முதலிடம் என்பது எல்லாருக்கும் கிடைக்கும், எதை எண்ணுகிறோம் என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். ஏபிசி மேடையில் மட்டும் அவர்களுடைய இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சியை நடத்தும் ஜிம்மி கிம்மல் வருடாவருடம் வந்து தன் நெட்வொர்க்கையே கிழித்துத் தொங்கவிடுவார். விளம்பரக்காரர்கள் அதற்குத்தான் வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பிறகு விருந்து, நடிகர்களோடு போட்டோ. 2023இல் சிபிஎஸ் கார்னெகி ஹால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, ஏஜென்சிகளைத் தனித்தனியாகச் சின்ன விருந்துகளுக்கு அழைக்க ஆரம்பித்தது.

பைலட் என்கிறார்களே, அது?

மாதிரி எபிசோட். பழைய முறைப்படி கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும் நூற்றுக்கணக்கான கதைகளைக் கேட்பார்கள், சிலவற்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வார்கள், ஜனவரி, பிப்ரவரியில் அதிலிருந்து சிலதை மட்டும் பைலட்டாக எடுக்கப் பணம் கொடுப்பார்கள். மார்ச், ஏப்ரலில் படப்பிடிப்பு, மே முதல் வாரம் நெட்வொர்க் பெரிய தலைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள், அடுத்த வாரம் அறிவிப்பு. நாலு நெட்வொர்க்கும் ஒரே இரண்டு மாதத்தில் ஒரே நடிகர்களையும் ஒரே இயக்குநர்களையும் துரத்துவது பைத்தியக்காரத்தனம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. இப்போது பைலட் எடுக்காமலே நேராக முழு சீசனுக்கு ஆர்டர் கொடுப்பதும் உண்டு.

கட்டத்தைப் பார்த்தவுடன் எதைக் கவனிக்கவேண்டும்?

ஷோவின் பெயரைப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எதிரே மற்ற நெட்வொர்க்கில் என்ன.

ஒரு உதாரணம் போதும். 1994 இலையுதிர் காலம், வியாழன் இரவு, என்பிசி. 8 மணிக்கு ‘மேட் அபௌட் யூ’, 9 மணிக்கு ‘சைன்ஃபெல்ட்’. இரண்டும் ஓடிக்கொண்டிருந்த ஷோக்கள். நடுவே 8:30க்கு யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஆறு பேர் காபி கடையில் உட்கார்ந்து பேசும் புது காமெடி ஒன்றை வைத்தார்கள். அதுதான் ‘ஃப்ரெண்ட்ஸ்’. இதற்குத் தொழில் பாஷையில் தூளி கட்டுவது என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் உறுதியான மரம், நடுவில் குழந்தை. முன்னால் பார்த்தவர் ரிமோட்டை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார், அடுத்ததற்குக் காத்திருப்பவர் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்காருவார். கட்டத்தில் ஒரு புது ஷோவுக்குத் தூளி கிடைத்திருந்தால் நெட்வொர்க் அதை நம்புகிறது என்று அர்த்தம்.

அதே வியாழன் இரவு 10 மணிக்கு இன்னொரு கூத்து. என்பிசி ‘ஈஆர்’ என்று சிகாகோ ஆஸ்பத்திரி கதை ஒன்றை வைத்தது. எதிரே சிபிஎஸ், அதே 10 மணிக்கு, ‘சிகாகோ ஹோப்’. அதுவும் சிகாகோ, அதுவும் ஆஸ்பத்திரி, அதுவும் புதுசு! யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. சில வாரங்களிலேயே ‘ஈஆர்’ அடித்து நொறுக்கிவிட்டது, சிபிஎஸ் தன் ஆஸ்பத்திரியைத் திங்களுக்கு மாற்றியது, அங்கே போன பிறகு அது பல வருடம் பிழைத்திருந்தது. ஷோ மோசமில்லை, இடம்தான் மோசம். இந்த ஒரு கதையே முழு அட்டவணை சாஸ்திரமும்.

கிழமைகளுக்கும் ஜாதகம் உண்டு. வியாழன்தான் விலை உயர்ந்தது, ஏனென்றால் வெள்ளி ரிலீஸாகும் படத்துக்கும் சனி ஞாயிறில் கார் வாங்க வருபவருக்கும் முந்தின இரவே சொல்லியாகவேண்டும். வெள்ளி ஒரு சுடுகாடு என்று பெயர் வாங்கியது, இளவட்டம் வீட்டில் இருக்காது. 2002இல் ஃபாக்ஸ் ‘ஃபயர்ஃப்ளை’யை வெள்ளியில் போட்டு, எபிசோட்களையும் முன்பின்னாக ஒளிபரப்பி, டிசம்பரிலேயே நிறுத்தியது. அதன் ரசிகர்கள் இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ 1993இல் அதே ஃபாக்ஸில் அதே வெள்ளியில்தான் தொடங்கி வளர்ந்தது, அதையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை? 1973இல் சிபிஎஸ்ஸின் சனி இரவில் ‘ஆல் இன் த ஃபேமிலி’, ‘மேஷ்’, ‘மேரி டைலர் மூர்’, ‘பாப் நியூஹார்ட்’, ‘கேரல் பர்னெட்’ ஐந்தும் அடுத்தடுத்து வந்தன. இப்போது சனி ஒரு குடோன். மறுஒளிபரப்பையும் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலையும் போட்டு நிரப்புகிறார்கள்.

அறிவித்த பிறகு மாற்றுவார்களா?

தாராளமாக. பென்சிலில் எழுதியது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2006 மே மாதம் நான் இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பத்திரிகையில் வந்த கட்டத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில், கோயிலிலிருந்து கொண்டுவந்த முருகன் காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தேன். என்பிசி திங்கட்கிழமை முதல் ஆளாக அறிவித்துவிட்டது. வியாழன் 9 மணிக்கு ‘ஸ்டூடியோ 60’ என்று ஒரு புது நாடகம், அந்த வருடம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த ஷோ. மறுநாள் ஏபிசி மேடை ஏறி, ஞாயிறில் ஓடிக்கொண்டிருந்த ‘க்ரேஸ் அனாடமி’யை அதே வியாழன் 9 மணிக்குக் கொண்டுவருகிறோம் என்றது. அங்கே ஏற்கெனவே சிபிஎஸ்ஸின் ‘சிஎஸ்ஐ’ உட்கார்ந்திருந்தது. இரண்டு யானைக்கு நடுவில் புது ஷோ என்ன செய்யும்? அந்த மாதம் முடிவதற்குள் என்பிசி தன் கட்டத்தைக் கலைத்துப் போட்டு, ‘ஸ்டூடியோ 60’ஐத் திங்கள் 10 மணிக்கு, ‘ஹீரோஸ்’க்குப் பின்னால் தள்ளிவிட்டது. நான் பேனாவால் அடித்து அம்புக்குறி போட்டேன். அந்தக் காகிதத்தில் அந்த வருடம் முழுக்க அடித்தல் திருத்தல்தான். கடைசியில் ‘ஸ்டூடியோ 60’ ஒரு சீசனோடு போயிற்று, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ‘ஹீரோஸ்’ அந்த வருடத்தின் ஹிட்.

முதலில் அறிவிப்பவருக்குப் பரபரப்பு கிடைக்கும், கடைசியில் அறிவிப்பவருக்கு மற்றவர் சீட்டு தெரிந்திருக்கும். ரம்மி ஆடுகிறவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னும் மோசமாகவும் நடக்கும். 2018 மே 15 அன்று ஏபிசி மேடையில் ‘ரோசான்’ என்ற குடும்ப காமெடிதான் கதாநாயகி, அந்த வருடத்தின் பெரிய வெற்றி அது. மே 29 அன்று ரோசான் பார் இனவெறியோடு ஒரு ட்வீட் போட்டார், அன்றைக்கே ஷோவை ரத்து செய்துவிட்டார்கள். விற்ற இடத்தில் ஏதாவது வைக்கவேண்டுமே? அவரை மட்டும் எடுத்துவிட்டு அதே குடும்பத்தை வைத்து ‘தி கானர்ஸ்’ என்று அக்டோபர் 16 அன்று அதே செவ்வாய் 8 மணிக்குக் கொண்டுவந்தார்கள். அது பல சீசன் ஓடியது.

‘13 எபிசோட் ஆர்டர்’, ‘பின் ஒன்பது’ என்றெல்லாம் படிக்கிறேன்?

புது ஷோவுக்கு முதலில் 13 எபிசோட் கொடுப்பார்கள். அக்டோபர், நவம்பரில் எண்ணிக்கை திருப்தியாக இருந்தால் இன்னும் 9, ஆக 22. அந்த ஒன்பது வந்தால் தயாரிப்பாளர் மூச்சு விடுவார். வராவிட்டால் செட்டில் எல்லாரும் வேறு வேலை தேட ஆரம்பித்திருப்பார்கள். இப்போது 10, 13, 18 என்று எல்லா அளவிலும் ஆர்டர் இருக்கிறது, பழைய கணக்கு தளர்ந்துவிட்டது.

எவ்வளவு சீக்கிரம் நிறுத்துவார்கள் என்று கேட்டால், 2010இல் விமர்சகர்கள் கொண்டாடிய ‘லோன் ஸ்டார்’ஐ ஃபாக்ஸ் இரண்டே எபிசோடில் நிறுத்தியது.

ஃபால் நிரலில் இடம் கிடைக்காமல் ‘மிட் சீசன்’ என்று போட்டால் அது மட்டமான ஷோவா?

கண்டிப்பாக இல்லை. ‘க்ரேஸ் அனாடமி’, ‘தி ஆபீஸ்’ இரண்டுமே 2005 மார்ச்சில், சீசனுக்கு நடுவே வந்தவை. ‘சர்வைவர்’ 2000 மே கடைசியில், ‘அமெரிக்கன் ஐடல்’ 2002 ஜூனில், யாரும் புது ஷோ போடாத கோடையில் வந்து ஊரைக் கலக்கியவை. செப்டம்பரில் இருபது புது ஷோ ஒன்றாக இறங்கும்போது கூட்டத்தில் தொலைந்துபோகிற ஆபத்து அதிகம். சரி, 2004இல் ‘லாஸ்ட்’, ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ இரண்டையும் சில நாள் இடைவெளியில் இறக்கி, துவண்டு கிடந்த ஏபிசி எழுந்து உட்கார்ந்தது என்பதும் உண்மை. அந்த லாட்டரிக்காகத்தான் எல்லாரும் இன்னும் செப்டம்பரில் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஃபாக்ஸில் ஏன் 10 மணிக்கு ஒன்றும் இல்லை?

10 மணிக்கு அந்தந்த ஊர் ஸ்டேஷனின் லோக்கல் செய்தி. நெட்வொர்க் என்பது சரக்கு அனுப்பும் தலைமையகம் மாதிரி, ஊரூராக இருக்கும் ஸ்டேஷன்கள்தான் கடை, அந்தக் கடைகளில் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. லோக்கல் செய்தியின் விளம்பரக் காசு ஸ்டேஷனுக்கே, அதனால் அந்த நேரத்தை விடமாட்டார்கள். ஃபாக்ஸ் தொடங்கிய காலத்தில் வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் பிரைம் டைம் கொடுத்தால்தான் அரசு விதிப்படி முழு நெட்வொர்க் என்ற கணக்கும் இருந்தது, அதற்குள் இருந்துகொண்டால் சில கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்கலாம்.

ஸ்டேஷன்களைப் பகைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என்பிசி ஒரு பாடம் படித்தது. 2009 செப்டம்பர் 14 முதல் வாரத்தில் ஐந்து நாளும் 10 மணிக்கு காமெடியன் ஜே லெனோவின் பேட்டி நிகழ்ச்சி என்று ஒரே அடியாக ஐந்து கட்டத்தையும் நிரப்பியது. ஐந்து நாடகம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மலிவு. ஆனால் 10 மணிக்குக் கூட்டம் குறைந்ததும் 11 மணி லோக்கல் செய்திக்கும் கூட்டம் குறைந்தது, ஊர் ஊராக ஸ்டேஷன்கள் கொதித்தன, அடுத்த பிப்ரவரியில் அந்த ஏற்பாடே காலி. இதனால் என்பிசியின் இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’விலிருந்து அதை நடத்திய கோனன் ஓ’பிரையன் வெளியேறியது தனிக் கதை, இங்கே இழுக்கவில்லை.

ஸ்ட்ரைக் வந்த வருடங்களில் என்ன செய்தார்கள்?

2023இல் எழுத்தாளர்கள் மே 2 அன்று, அதாவது அப்ஃப்ரண்டுக்கு இரண்டு வாரம் முன்னால், வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 148 நாள். ஜூலை 14இலிருந்து நடிகர்களும் 118 நாள். மண்டபத்துக்கு வெளியே மறியல் நடக்கும்போது எந்த நடிகர் உள்ளே வந்து கையசைப்பார்? ஃபாக்ஸ் அந்த மே மாதம் கிழமைவாரியாகக் கட்டமே கொடுக்கவில்லை. ஏபிசி இலையுதிர் காலத்தை ரியாலிட்டி, கேம் ஷோ என்று நிரப்பியது. சிபிஎஸ் ஞாயிறில், கேபிளில் ஏற்கெனவே வந்து முடிந்த ‘எல்லோஸ்டோன்’ பழைய எபிசோட்களைப் போட்டது. நம்ப முடிகிறதா, அதையும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2020இல் கொரோனா. மேடை கிடையாது, எல்லாம் வீடியோவில், சிடபிள்யூ தன் புது சீசனையே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவிட்டது.

எனக்குப் பிடித்த ஷோ பட்டியலில் இல்லை. அவ்வளவுதானா?

பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். 2018 மே 10 அன்று ஃபாக்ஸ் ‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ஐ நிறுத்தியது, மறுநாள் இரவே என்பிசி எடுத்துக்கொண்டது. அதைத் தயாரித்த கம்பெனி என்பிசியின் சொந்தக்காரர்களுடையது என்பதைக் கவனியுங்கள். ஷோவின் சொந்தக்காரர் யார் என்று பார்ப்பது ஜோசியம் பார்ப்பதைவிட நல்லது. தன் வீட்டுப் பிள்ளை சுமாராகப் படித்தாலும் தேற்றிவிடுவார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தக் கட்டத்தில் நம் ஆள் யாராவது இருந்திருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ‘ஹீரோஸ்’இல் செந்தில் ராமமூர்த்தி நடித்த மொஹிந்தர் சுரேஷ் சென்னையிலிருந்து வந்த மரபணு ஆராய்ச்சியாளர். சுரேஷ் என்பதைக் குடும்பப் பெயராக வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். மிண்டி கேலிங்கின் முழுப்பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது, கேலிங் என்பதே அதிலிருந்து வெட்டியெடுத்ததுதான். 2012 ஃபால் நிரலில் ஃபாக்ஸின் செவ்வாய் இரவில் அவர் பெயரிலேயே ‘தி மிண்டி ப்ராஜெக்ட்’ வந்தது, மூன்று சீசன் கழித்து ஃபாக்ஸ் கைவிட ஸ்ட்ரீமிங் சேவையான ஹூலு எடுத்துக்கொண்டது. அஸீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர் நடித்த ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ 2009 ஏப்ரலில் மிட் சீசனில் வந்தது. 2010இல் என்பிசி வியாழனில் இந்தியக் கால் சென்டரை வைத்து ‘அவுட்சோர்ஸ்டு’ என்று ஒன்று போட்டார்கள். ஒரு சீசன்தான் ஓடியது. நான் நான்கு எபிசோட் தாங்கினேன்.

நான் டொரண்டோவில் இருக்கிறேன். எனக்கும் இதே கட்டம்தானா?

கிட்டத்தட்ட. அப்ஃப்ரண்ட் முடிந்ததும் வெளிநாட்டுச் சேனல்கள் லாஸ் ஏஞ்சலஸ் போய்ப் புது ஷோக்களைப் பார்த்து வாங்குவார்கள். சிடிவி, குளோபல், சிட்டிடிவி மூன்றும் அங்கே வாங்கியதை வைத்து ஜூன் வாக்கில் தங்கள் கட்டத்தை அறிவிக்கும். முடிந்தவரை அமெரிக்க நெட்வொர்க் போடும் அதே நேரத்தில்தான் போடுவார்கள். அப்படிப் போட்டால் உங்கள் கேபிளில் அமெரிக்கச் சேனலைத் திருப்பினாலும் கனடிய விளம்பரத்தோடு கனடியச் சேனலின் ஒளிபரப்பே வரும், அங்கே விதி அப்படி. அதனால் என்பிசி ஒரு ஷோவை நகர்த்தினால் டொரண்டோவிலும் யாரோ கட்டத்தை அழித்து எழுதவேண்டும்.

விளம்பரத்தில் ‘8/7 சென்ட்ரல்’ என்கிறார்களே?

கிழக்குக் கரையில் 8 மணி என்றால் ‘சென்ட்ரல்’ நேர மண்டலத்தில் இருக்கும் சிகாகோ, டல்லாஸ், ஹூஸ்டனில் 7. கலிஃபோர்னியாவுக்கு மூன்று மணி நேரம் தாமதித்து அவர்களுடைய 8 மணிக்கே போடுவார்கள். சிகாகோவில் இருக்கும் என் நண்பன் 10 மணிக்கெல்லாம் பிரைம் டைம் முடிந்து படுத்துவிடுகிறான், எனக்குப் பொறாமை.

எல்லாரும் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிறார்கள். இன்னும் எதற்கு இந்தக் கட்டம்?

நியாயமான கேள்வி. 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ முழு சீசனையும் ஒரே நாளில் கொட்டியதிலிருந்தே கிழமைக்கும் மணிக்கும் மவுசு குறைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் விளம்பரம் போட ஆரம்பித்ததும் அவர்களும் அதே மே மாத வாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2023இல், அமேசான் 2024இல். கட்டம் இல்லாதவர்களும் தோப்பைக் காட்டி விலை பேசவேண்டியிருக்கிறது.

நெட்வொர்க் கட்டத்தில் இன்று உண்மையான தூண் நாடகம் இல்லை, விளையாட்டு. 2006இல் என்பிசிக்கு வந்த ஞாயிறு இரவு ஃபுட்பால் பத்து வருடத்துக்கும் மேலாகப் பிரைம் டைமில் அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சி. 2025 இலையுதிர் காலத்திலிருந்து என்பிசி செவ்வாயில் என்பிஏ கூடைப்பந்தைக் கொண்டுவந்திருக்கிறது, அதாவது முன்பு இரண்டு மூன்று நாடகம் இருந்திருக்கக்கூடிய ஒரு முழு இரவு போய்விட்டது. மேட்சை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்வதில்லையே. விளம்பரம் ஓட்டிவிடாமல் பார்க்கப்படுவது அங்கே மட்டும்தான்.

கடைசியாக, புது ஷோ எதையாவது நம்பி எப்போது பார்க்க ஆரம்பிக்கலாம்?

என் வழக்கத்தைச் சொல்கிறேன். மே மாதம் கட்டத்தைப் பார்ப்பேன், தூளியில் இருப்பது எது, சனிக்குப் பக்கத்தில் எது என்று குறித்துக்கொள்வேன். செப்டம்பரில் காமெடி என்றால் உடனே பார்ப்பேன், நின்றுபோனாலும் நஷ்டம் இருபத்திரண்டு நிமிடம்தான். மர்மக் கதை, ‘இவன் யார் என்று கடைசியில் தெரியும்’ வகை என்றால் முழு சீசன் ஆர்டர் வந்ததா என்று பார்த்த பிறகுதான், அதாவது நவம்பரில்தான், கைவைப்பேன். பாதியில் விட்டுப்போன கொலைகாரர்கள் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் என் தலையில் இருக்கிறார்கள்.